கவிழ்த்து வைத்த கல்

தம்பி மகள் அந்தக் கல்லை ஏன் கவிழ்த்து வைத்தாள் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒன்பது வயதுப் பெண், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அம்மோனைட், அதாவது கடல் பிராணியின் கல்லாகிப்போன சுருள் ஓடு, கையை ஒரு திருப்புத் திருப்பினாள், அவ்வளவுதான். மாசியில் நடந்தது. ஆவணி வந்துவிட்டது. அரிசி களையும்போது, பேருந்துக்கு நிற்கும்போது, அந்தத் திருப்பல் வந்து நிற்கிறது.

தம்பியும் அவன் மனைவியும் பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை. வீட்டிலேயே படிப்பு. பின்னால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பரீட்சை எழுதிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. வேலைக்காலம் முழுவதையும் பள்ளிக்கூடத்தில் கழித்த எனக்கு இதில் முழுச் சம்மதம் கிடையாது, சண்டை போடும் அளவுக்கு எதிர்ப்பும் கிடையாது. இவர்களைப் போன்ற சில குடும்பங்கள் சேர்ந்து பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். வேனில் ஓர் இடம் மிச்சமிருந்தது, ஏறிக்கொண்டேன்.

திருச்சி–பெரம்பலூர் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே உள்ளே போனால் பச்சை குறைந்துகொண்டே வந்து, திடீரென்று மண் பிளந்துகொள்கிறது. மழை அறுத்த ஓடைகள், நடுவில் கூரான மண்மேடுகள், மஞ்சளும் பழுப்பும் செம்மண்ணும் மாறி மாறி. வெயில் விழுந்தால் மண்ணுக்குள் ஜிப்சம் தகடுகள் மின்னும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இது கடலடிச் சேறு. அப்போது இந்தியா இங்கேயே இல்லை, தென்கோளத்தில் இருந்தது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற நம்மூர்ப் பெயர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே பாறைத் தொகுதிகளின் பெயராக உலகப் புவியியல் நூல்களில் ஏறிவிட்டன. மொராவியாவில் பிறந்து கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த ஸ்டோலிச்கா என்பவர் இந்த மண்ணின் அம்மோனைட்டுகளையும் சிப்பிகளையும் தொகுதி தொகுதியாக விவரித்து எழுதினார். பெரும்பாலும் மற்றவர்கள் பொறுக்கி அனுப்பியதை வைத்துத்தான். 1874-இல், 36 வயதில், லடாக் பக்கத்து மலையில் உயரம் ஒத்துக்கொள்ளாமல் இறந்துபோனார். அவர் பெயர் தெரியாமலே திருச்சியில் புவியியல் படித்தவர்கள் இருக்க முடியாது. திருச்சியில் வீடு கட்டிக் குடியிருக்கும் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிள்ளைகளுக்குத் தம்பி மனைவி விதித்திருந்த விதி ஒன்றே ஒன்று. தொடலாம், தூக்கலாம், முகரலாம், வரையலாம். முடிந்ததும் இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே வைத்துவிட வேண்டும். மூத்தவனுக்கு இந்த விதி பிடிக்கவில்லை. காரையில் பெலெம்னைட்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. கணவாய் மீனுக்கு உறவான ஒரு பிராணியின் உள்ளெலும்பு மாதிரியான பாகம் அது, துப்பாக்கித் தோட்டா போலவே இருக்கும். அவன் டவுசர் பை புடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், அவன் அம்மாவும் பார்த்தாள். இருவரும் பேசவில்லை.

இளையவள் ஓடையின் ஓரத்தில் குந்தியிருந்தாள். பாதி புதைந்த அம்மோனைட். மேல்பக்கம் விலா விலாவாகத் தெளிவு, சுருள் நடுவரைக்கும் ஓடியிருந்தது. விரலால் சுற்றிலும் மண்ணைக் கிளறி எடுத்தாள். அடிப்பக்கம் சுண்ணாம்பும் களியும் அப்பிய வெறும் மொட்டைக் கல். நோட்டில் நெடுநேரம் வரைந்தாள். விலாக்களை எண்ணினாள், விட்ட இடம் மறந்து மறுபடி எண்ணினாள். வேனுக்குக் கூப்பிட்டார்கள். எழுந்தாள், கல்லைப் பள்ளத்தில் வைத்தாள். இருந்த மாதிரி வைக்கவில்லை. சுருள் உள்ளே போக, மொட்டைப் பக்கம் மேலே வர, திருப்பி வைத்து, ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தாள். அந்த நிலையில் அது அம்மோனைட் என்று யாருக்கும் தெரியாது. ஓடையில் கிடக்கும் ஆயிரம் கல்லில் ஒன்று.

"ஏண்டி கவிழ்த்து வெச்சே?"

"சும்மாதான் அத்தை."

அதற்கு மேல் அவளிடம் கேட்பதற்கு இல்லை. முறுக்குப் பொட்டலம் அவள் வரிசைக்கு வந்துவிட்டது.

என் கையில் அம்மோனைட் வந்தது அன்றுதான் முதல் தடவை. ஆனால் ஓர் அம்மோனைட்டோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். கும்பகோணத்தில் தாத்தா வீட்டுப் பூஜை அலமாரியான கோயிலாழ்வாரில் சாளக்கிராமங்கள் இருந்தன. நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கருங்கல். அதற்குள் இருப்பது ஜுராசிக் காலத்து அம்மோனைட், காரைக் கல்லைவிட மூத்தது. அதெல்லாம் அப்போது யார் கண்டார்கள்? அது பெருமாள். தாத்தா குளித்துவிட்டு வந்து எடுத்து, திருமஞ்சனம் செய்து, துணியில் ஒற்றி, சந்தனமும் துளசியும் வைத்துத் திரும்ப எழுந்தருளப் பண்ணுவார். பெண்கள் தொடக்கூடாது. பாட்டி தினமும் அதற்காகத்தான் தளிகை பண்ணினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாகிறவரை ஒரு முறைகூடத் தொட்டதில்லை.

ஒரு தடவை தாத்தா காய்ச்சலில் படுத்துவிட, சித்தப்பா பிள்ளை வந்து திருவாராதனம் பண்ணினான். முடித்துவிட்டு அவன் எழுந்திருக்கும்போது, சமையற்கட்டு நிலையில் நின்றபடியே பாட்டி சொன்னாள்: "இடம் மாத்தி ஏளப்பண்ணிட்டேடா. வாய் சின்னதா இருக்கிறவர் இந்தப் பக்கம். அவருக்கு வாய் தெக்கப் பாக்கணும்." அவன் கிட்டே குனிந்து பார்த்தும் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பாட்டி நின்றது பத்தடி தூரம்.

அன்று மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது நான் போய்த் திருட்டுத்தனமாகத் தொட்டுப் பார்த்தேன் என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். தொடவில்லை. பயம்.

கல்லூரியில் படித்துவிட்டு வந்து, "பாட்டி, அது கடல் பிராணியோட ஓடு, செத்து எத்தனையோ கோடி வருஷம் ஆச்சு" என்று பெரிய மேதாவியாகச் சொன்னேன். பாட்டி சட்டை பண்ணவில்லை. "மச்சமா வந்தார், கூர்மமா வந்தார். இதுவா வரப்படாதா?" என்றாள். அவதாரங்களில் இரண்டு நீரில் வாழ்வன என்பதையே அன்றுதான் கவனித்தேன்.

பாட்டியை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டுக் கல்விக்காரர்கள் அடிக்கடி சொல்வது, கையால் தொட்டுக் கற்றதுதான் கல்வி, மற்றதெல்லாம் மனப்பாடம் என்பது. அதில் உண்மை இருக்கிறது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் புதைபடிவம் என்றால் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க வேண்டிய இரண்டு மதிப்பெண் கேள்வி. தம்பி வீட்டில் அப்படியில்லை. சிப்பியைக் களிமண்ணில் அழுத்தி அச்செடுத்து, அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, மறுநாள் உடைத்தெடுப்பார்கள். அச்சு வேறு, வார்ப்பு வேறு என்பது அந்தக் குழந்தைகளுக்குக் கையிலேயே தெரியும். சுண்ணாம்பா இல்லையா என்று பார்க்க எலுமிச்சம்பழம் பிழிவார்கள், சுண்ணாம்பானால் மெல்ல நுரைக்கும். எலும்பு புதைபடிவமானால் நுண்துளை இருக்கும், நாக்கில் வைத்தால் ஒட்டும், வெறும் கல் ஒட்டாது. களப்பணிக்குப் போகிறவர்கள் உண்மையாகவே செய்கிற சோதனை இது. காரையில் அத்தனை பிள்ளைகளும் அகப்பட்டதையெல்லாம் நக்கிக்கொண்டு திரிந்தார்கள். ஒட்டியது ஒன்றும் இல்லை, எல்லார் நாக்கிலும் மண்தான். சந்தோஷத்துக்குக் குறைவில்லை.

திரும்பும் வழியில் சாத்தனூர்க் கல்மரத்துக்குப் போனோம். 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு முழு மரம், கல்லாகிப் படுத்திருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் உலகுக்குச் சொன்னது. இப்போது தேசியப் புவியியல் சின்னம், வேலிக்குள் இருக்கிறது. காரையில் நெடுநேரம் குந்தியிருந்த அதே பிள்ளைகள் இங்கே வேலியைப் பிடித்து ஆடிவிட்டு, தாகம் எடுக்கிறது என்றார்கள். இதைப் பார்த்தபோது தம்பி மனைவி சொல்வதுதான் சரி என்று பட்டது. வேன் நகர்ந்ததும் பாட்டி ஞாபகம் வந்தது. தொடாமலே, தொடக்கூடாது என்பதாலேயே, பத்தடி தூரத்திலிருந்து இரண்டு கருங்கல்லைப் பிரித்தறிந்த கண் அது. தொட முடியாததை ஆயுசு பூராவும் பார்த்துக்கொண்டே இருந்தால் அப்படி ஒரு கண் வந்துவிடுமா? அதற்காகப் பெண்களைத் தள்ளிவைத்த வழக்கத்தை நான் நியாயப்படுத்தவில்லை. பாட்டியின் அறிவை அந்த வழக்கத்தின் கணக்கில் வரவு வைப்பதும் அவளுக்குச் செய்யும் துரோகம். ஆனாலும் அறிவு கையில்தான் இருக்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால் எனக்குப் பாட்டி நின்ற நிலைப்படி தெரிகிறது.

கையால் கற்றவள் என்று சொல்ல மேரி ஆனிங் இருக்கிறாள். அவளைப் பற்றிச் சிறு வயதில் ஒரு புத்தகத்தில் படித்தேன். புத்தகம் போய்விட்டது, படம் மட்டும் நினைவிருக்கிறது. நீளப் பாவாடை, கையில் சுத்தியல், பக்கத்தில் நாய். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரைக்காரி, 1799-இல் பிறந்தவள். அப்பா தச்சர், அவளுக்குப் பதினொரு வயதாகும்போது கடன் வைத்துவிட்டு இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றதுதான் படிப்பு. அண்ணன் ஒரு மண்டையோட்டைக் கண்டெடுக்க, மிச்ச உடலை அவள் கண்டுபிடித்தாள். இக்தியோசார், பழங்காலக் கடல் ஊர்வன ஒன்று. 1823-இல் இன்னொன்று, முழு பிளீசியோசார். கல்லில் கண்டதைப் புரிந்துகொள்ள மீனையும் கணவாயையும் அறுத்துப் பார்த்தவள். பெலெம்னைட்டுக்குள் உலர்ந்துபோன மைப்பை இருப்பதைக் கவனித்தாள். அவளுடைய தோழி எலிசபெத் ஃபில்பாட் அந்த மையைத் தண்ணீரில் கரைத்து, அதைக் கொண்டே இக்தியோசார் எலும்பைப் படமாக வரைந்தார். கோடிக்கணக்கான ஆண்டுக்கு முந்தைய மை! தம்பி மகனிடம் இதைச் சொன்னபோது பையிலிருந்து ஒரு பெலெம்னைட்டை எடுத்து நுனியை உற்றுப் பார்த்தான். அப்போதுதான் அவன் அம்மா, "அது எப்படிப் பைக்குள்ள வந்தது?" என்றாள்.

வீட்டுக் கல்விக் குடும்பங்களுக்கு மேரி ஆனிங் ஒரு குலதெய்வம் மாதிரி. பள்ளிக்கூடம் போகாமலே பேராசிரியர்களுக்குப் பாடம் சொன்னவள் அல்லவா. ஆனால் ஒன்றை வசதியாக விட்டுவிடுகிறார்கள். அவள் எடுத்ததை இருந்த இடத்தில் வைக்கவில்லை. விற்றாள். விற்றுத்தான் சாப்பிட்டாள். வாங்கிய கனவான்கள் கட்டுரை எழுதிப் பெயர் வாங்கினார்கள். லண்டன் புவியியல் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1919-இல்தான், அவள் செத்து எழுபத்திரண்டு வருஷம் கழித்து. அவளுக்குத் தொடுவது வேறு, எடுப்பது வேறு, பிழைப்பு வேறு என்று கிடையாது. இருந்த மாதிரியே வைத்துவிடு என்று அவளிடம் யாராவது சொல்லியிருந்தால் லைம் ரீஜிஸ் கடல் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போயிருக்கும்.

காரைக்கும் அதே கதைதான். ஐப்பசி, கார்த்திகை மழை ஓடையை வெட்டுகிறது. வெட்டுவதால்தான் அம்மோனைட் வெளியே தெரிகிறது. தெரிந்ததை அடுத்த மழை கரைத்துக்கொண்டு போகிறது. வைத்துவிட்டு வந்தால் காப்பாற்றிவிட்டோம் என்று எண்ணிக்கொள்வதில் ஒரு மிதப்பு இருக்கிறது. எடுத்தால் காப்பாற்றிவிடுவோமா என்றால் அதுவும் இல்லை. அரியலூர்ப் பக்கம் கள்ளமேட்டில் கிடைத்த ஒரு டைனோசாரை 1987-இல் யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் பிருகத்காயசாரஸ் என்று பெயரிட்டு அறிவித்தார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர். முதலில் ஊன்தின்னி என்று எண்ணினார்கள், பிறகு நீளக்கழுத்துத் தாவரத்தின்னி வகையாக இருக்க வேண்டும் என்றார்கள். உலகில் வாழ்ந்தவற்றிலேயே பெரியதோ என்று இன்றைக்கும் சர்ச்சை நடக்கிறது. தீர்க்க வழியில்லை, எலும்புகள் நொறுங்கிப்போய்விட்டன. மிஞ்சியவை வரைபடங்களும் சில புகைப்படங்களும்தான். அவ்வளவு பெரிய உயிர், கடைசியில் கண்ணால் பார்த்தவர்களின் சாட்சியாக நிற்கிறது.

இன்னொரு பக்கம் 2020-இல் பெரம்பலூர் குன்னத்தில் ஏரி தூர்வாரும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் வர, டைனோசார் முட்டை என்று வாட்ஸ்அப்பில் பரவி ஊரே திரண்டது. அம்மோனைட் படிவுகள் என்று புவியியலாளர்கள் சொன்ன பிறகு கூட்டம் கலைந்துவிட்டது. முட்டையாக இருந்தால் ஓடி வருவோம், அம்மோனைட் என்றால் போகட்டும்.

சிமென்டை விட்டுவிட்டு அரியலூரைப் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும். கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் ஒரு கல்தூணாகவே நின்று சேவை சாதிக்கிறார். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய சுண்ணாம்புப் பாறை முழுக்கக் கடற்சிப்பிகள், சுமார் 7 கோடி ஆண்டு வயது. அதைத்தான் வெட்டி, அரைத்து, சுட்டு மூட்டையாக்குகிறார்கள். நான் உட்கார்ந்து இதை எழுதும் வீட்டின் சுவருக்குள்ளும் அந்தச் சிப்பிகள் இருக்கக்கூடும். நாங்கள் வந்த வேனை லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு தாண்டிப் போயின. ஒரு லாரியில் எத்தனை சிப்பி போகும்? வேனுக்குள்ளே ஒரு பையன், பையிலிருந்த பெலெம்னைட்டுகளுக்காக ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் யோசித்தால் அந்தத் திருப்பலுக்கு விளக்கம் கிடைக்கும் என்று நம்பினேன். முதலில் தோன்றியது, ஒளித்து வைத்தாள் என்பது. மொட்டைப் பக்கம் மேலே இருந்தால் அண்ணன் கண்ணில் படாது, அடுத்த வண்டியில் வருகிறவன் கண்ணிலும் படாது. விதியை மீறாமலே தனக்கென்று வைத்துக்கொள்ள ஒரு வழி. எடுத்துவந்தால் மேசை இழுப்பறையில் கிடக்கும், இப்போது காரை முழுவதும் அவளுடைய இழுப்பறை. அப்படியானால் சொந்தம் கொண்டாடக் கூடாது என்று கற்பிக்கப்போய், சொந்தத்தின் இன்னும் சாமர்த்தியமான ஒரு வகையைக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

பிறகு, மழையிலிருந்து சுருளைக் காப்பாற்றத்தான் என்று தோன்றியது. இது அவளுக்குக் கொஞ்சம் பெருமை தரும் விளக்கம், அதனாலேயே எனக்குச் சந்தேகம். ஒன்பது வயதில் நான் யாரையும் எதையும் மழையிலிருந்து காப்பாற்றியதில்லை.

மூன்றாவது, போன வாரம் தம்பி வீட்டில் பிள்ளைகள் மறுபடி பிளாஸ்டர் ஊற்றிக்கொண்டிருந்தபோது வந்தது. சிப்பியை அச்செடுக்கும்போது அழகான பக்கத்தைத்தான் கீழே வைத்து அழுத்துகிறார்கள். அழுத்திவிட்டு ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். அதே தட்டு. அவள் அங்கே ஓர் அச்சு எடுத்துவிட்டு வந்தாளா? யாரோ எப்போதோ அந்தக் கல்லைத் தூக்கினால் அடியில் விலா விலாவாகப் பதிந்திருக்கட்டும் என்று? நினைக்கவே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் மாசி வெயிலில் அந்த மண் கெட்டியாகக் காய்ந்து கிடந்தது. ஈரக் களியில் விழும் பதிவு அதில் விழாது என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அதுவும் நிற்கவில்லை. கை பழகிப்போய், நினைப்பே இல்லாமல் செய்ததாகவும் இருக்கலாம். கையால் கற்றது கையோடு நின்றுவிடும், தலைக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று இல்லையே. அவளும் சும்மாதான் என்றுதானே சொன்னாள்?

தை மாதம் இன்னும் சில குடும்பங்கள் காரைக்குப் போகின்றன. பெற்றோருக்குக் கொடுக்க ஒரு பக்கத்துக்கு விதிமுறை எழுதித் தரச் சொல்லித் தம்பி மனைவி என்னிடம் கேட்டிருக்கிறாள், பள்ளிக்கூடத்து டீச்சருக்கு விதி எழுத வரும் என்ற நினைப்பு. தண்ணீர், தொப்பி, ஓடை விளிம்பில் நிற்காதே எல்லாம் எழுதிவிட்டேன். எடுக்கலாமா கூடாதா என்ற வரிதான் பாக்கி. உதிர்ந்து ஓடைத் தரையில் கிடப்பது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பது ஏற்கெனவே தொலைந்துவிட்டது, அதை எடுக்கலாம். அடுக்கில் பதிந்திருப்பது கிடக்கும் விதமே ஒரு செய்தி, அதைத் தொடாதே என்று எழுதலாம். புவியியல் கணக்குக்கு அது சரி. அப்படி எழுதினால் அவள் அன்று அந்தக் கல்லைக் கையில் எடுத்திருக்கவே கூடாது, நோட்டில் அந்தப் படமும் இருக்காது. எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதினால் வேனுக்கு ஒரு சாக்கு மூட்டை நிச்சயம். ஒருநாள் ஒன்று சரியென்று படுகிறது, மறுநாள் மற்றது. அந்த வரிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். தை வருவதற்குள் ஏதாவது ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும்.